குதிகால் வெடிப்புக்கு எண்ணெய் மட்டும் போதுமா?

நாள் முழுதும் நடவு வயலில் நின்ற உழவர் மாலையில் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வீடு திரும்புகிறார். இரவு படுக்கும்போது போர்வையின் நூல் குதிகால் வெடிப்பில் சிக்கி இழுக்கிறது. அப்போதுதான் காலின் நினைவு வருகிறது. வீட்டில் இருக்கும் ஏதோ ஓர் எண்ணெயை எடுத்துத் தேய்த்துக்கொண்டு உறங்கிவிடுகிறார். காலையில் பார்த்தால் வெடிப்பு அப்படியே இருக்கிறது. ‘எத்தனை எண்ணெய் தேய்த்தும் கேட்கவில்லை’ என்ற குறையைக் கிராமந்தோறும் கேட்கலாம்.

குறை பெரும்பாலும் எண்ணெயில் இல்லை. அதைத் தேய்க்கும் வேளையிலும் முறையிலும் இருக்கிறது. தோலுக்கு ஈரம் தரும் பொருட்கள் பல. அவை ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கடையில் வீண் செலவு செய்யாமல் கைகால் வெடிப்பைக் குணப்படுத்திக் கொள்ளலாம்.

பித்தவெடிப்பை அழகுக் குறை என்று மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது. வயல் நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால், தோலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகக்கூடும். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்கும் திறந்த புண்தான் வாசல். வெடித்த கையில் பூச்சிமருந்து பட்டால், நல்ல தோலில் பட்டதைவிட அதிகமாக உள்ளே இறங்கும். நீரிழிவு நோய் உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவருக்குச் சிறு வெடிப்பே ஆறாத புண்ணாகி, காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

தோல் ஏன் வெடிக்கிறது?

தோலின் மேற்பரப்பில் இருப்பது உயிரற்ற அணுக்களால் ஆன மெல்லிய அடுக்கு. உடலின் பல பகுதிகளில் இதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்குகூட இராது. உள்ளங்காலில் மட்டும் பல மடங்கு தடித்திருக்கும். இந்த அடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவார்கள். அணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. இந்தச் சாந்தில் ஏறக்குறையப் பாதி, செராமைடு என்னும் கொழுப்பு. மீதியில் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் முக்கியமானவை.

அணுக்களுக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயற்கைப் பொருட்களும் உள்ளன. அமினோ அமிலங்கள், லாக்டிக் அமிலத்தின் உப்புகள், யூரியா முதலியவை இவற்றுள் அடங்கும். சேற்றில் மணிக்கணக்கில் ஊறுவதும், பிறகு வெயிலில் காய்வதும், மறுபடி ஊறுவதுமாக இருந்தால் இப்பொருட்கள் கரைந்து வெளியேறி விடுகின்றன. சோப்பு, சுண்ணாம்பு, சிமெண்ட் ஆகியவை சாந்தையும் அரிக்கின்றன. இவ்வாறு ஈரம் காக்கும் திறனை இழந்த தோல், மார்கழி, தை மாதப் பனிக்காற்றிலோ கோடையின் வறண்ட காற்றிலோ மேலும் காய்ந்துபோகிறது. வெறுங்காலுடன் நடக்கும்போது உடலின் எடை குதிகாலை அழுத்திப் பக்கவாட்டில் விரியச் செய்கிறது. ஈரமுள்ள தோல் வளைந்துகொடுக்கும். காய்ந்து தடித்த தோல் வளையாமல் பிளந்துவிடும். நீர் வற்றிய களிமண் வயல் பாளம் பாளமாக வெடிப்பது போன்றதே இது.

மென்மை தருவது தண்ணீரே

எண்ணெய்தான் தோலை மிருதுவாக்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற ஆய்வாளர் 1952-இல் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார். உலர்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊற வைத்தாலும் அதன் விறைப்பு நீங்கவில்லை. தண்ணீர் பட்டதும் அது வளையத் தொடங்கியது. மேல்தோலில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தோல் நொறுங்கும் தன்மையை அடைகிறது என்பதும் தெரிய வந்தது.

காய்ந்த காலில் வெறும் எண்ணெய் ஏன் பலன் தருவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். காய்ந்த நிலத்தின் மீது மூடாக்குப் போட்டால் பயிர் தழைக்காது. முதலில் நீர் பாய்ச்ச வேண்டும். பிறகு மூடாக்குப் போட வேண்டும். காலுக்கும் அதுவே முறை.

மூன்று வகைப் பொருட்கள்

கடைகளில் கிடைக்கும் ஈரப்பூச்சு எதுவாயினும், விலை எவ்வளவாயினும், அதில் வேலை செய்யும் பொருட்களை மூன்று வகைகளுள் அடக்கிவிடலாம்.

முதல் வகை, நீரைப் பிடித்து வைப்பவை. நிலத்திற்குத் தொழு உரம் எப்படியோ, தோலுக்கு இவை அப்படி. இவற்றுள் முதன்மையானது கிளிசரின். ஸ்வீடன் நாட்டு வேதியியலார் ஷீலே 1779-இல் ஆலிவ் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்றும் தாவர எண்ணெயிலிருந்து சோப்பு செய்யும்போது கிளிசரின் துணைப் பொருளாகக் கிடைக்கிறது. 100 கிலோ எண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோ தேறும். விலை மலிவு, பலன் அதிகம். ஆயினும் கிளிசரினை நீர் கலக்காமல் அப்படியே பூசலாகாது. வறண்ட காற்றில் அது தோலின் அடிப்பகுதியிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும், எரிச்சலும் தரும். ஒரு பங்கு கிளிசரினுடன் மூன்று பங்கு கொதித்து ஆறிய நீர் சேர்த்து, அன்றன்று கலந்து பயன்படுத்த வேண்டும். யூரியா, லாக்டிக் அமிலம் ஆகியவையும் இந்த வகையே.

இரண்டாம் வகை, நீர் ஆவியாகாமல் மூடிக் காப்பவை. இவை மூடாக்கு. மக்கள் வாசலின் என்று சொல்லும் பெட்ரோலியக் களிம்பு இவற்றுள் சிறந்தது. அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில் கம்பிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் புண்ணுக்குப் பூசி வந்தனர். அதைக் கண்ட செஸ்பரோ என்பவர், அதைச் சுத்திகரிக்கும் முறைக்கு 1872-இல் காப்புரிமை பெற்றார். நீர் ஆவியாவதைத் தடுப்பதில் தாவர எண்ணெய்கள் எவையும் இதற்கு ஈடாகா. தேன்மெழுகும், ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லானோலினும் இந்த வகையில் சேரும். லானோலின் தன் எடையைப் போல் இரு மடங்கு நீரை ஏற்கவல்லது. மெரினோ போன்ற கம்பளி ஆடுகளில் இது மிகுதி. நம் மேச்சேரி ஆடு போன்ற ரோம ஆடுகளிலிருந்து எடுக்க இயலாது. சிலருக்கு லானோலின் ஒவ்வாமல் அரிப்பு உண்டாகலாம்.

மூன்றாம் வகை, அணுக்களுக்கு இடையே உள்ள பிளவை நிரப்பி வழவழப்பூட்டுபவை. தாவர எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன; ஓரளவு மூடாக்காகவும் பயன்படுகின்றன. விலை உயர்ந்த பூச்சுகளில் சேர்க்கப்படும் செராமைடு, சுவரின் சாந்தைப் பழுதுபார்க்கும் நோக்கத்துடன் சேர்க்கப்படுவது. டைமெதிகோன் என்னும் சிலிக்கோன் பொருள் பிசுபிசுப்பில்லாத மெல்லிய படலமாகப் படியும்.

இம்மூன்று வகைகளும் ஒன்றாக அமைந்த பூச்சே முழுப் பலன் தரும். ஒரே டப்பாவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தண்ணீரும் கிளிசரினும் முதலில், பெட்ரோலியக் களிம்பு அதன் மேல் என்று அடுத்தடுத்துப் பூசினாலும் போதுமானது.

உர மூட்டை யூரியாவைத் தொடாதீர்கள்

மருந்துக் கடைகளில் குதிகால் வெடிப்புக்கெனக் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் யூரியா உள்ளது. 5 முதல் 10 சதவீதம் யூரியா தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் தடித்த காய்ப்பையே கரைத்து இளக்கும். வேதியியலின்படி இது வயலுக்கு இடும் அதே யூரியாதான். எனவே உர மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கரைத்துப் பூசினால் என்ன என்ற எண்ணம் எவருக்கும் எழலாம். அவ்வாறு ஒருபோதும் செய்யக் கூடாது.

உர யூரியா தோலில் பூசும் தரத்துக்குச் சுத்திகரிக்கப்பட்டதன்று. அதில் பையூரெட் என்னும் கலப்பு உண்டு. 2015 முதல் நம் நாட்டில் வேளாண்மைக்கான யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே தயாரிக்கப்படுகிறது. கிடங்கிலும் வண்டியிலும் தூசியும் பிற உரங்களும் அதில் சேர்ந்துவிடும். கையளவாகக் கரைக்கும்போது 10 சதவீதம் எது, 40 சதவீதம் எது என்று தெரியாது. கரைசலை வைத்திருந்தால் அம்மோனியாவாகச் சிதைந்து திறந்த வெடிப்பை மேலும் எரிக்கும். களிம்பில் சேர்க்கும் யூரியா தூய்மையானது, அளவிடப்பட்டது. அதிலும்கூட இரத்தம் கசியும் வெடிப்பில் பூசினால் எரியும். வெடிப்பு மூடும்வரை பெட்ரோலியக் களிம்பையும், மூடிய பிறகு யூரியாக் களிம்பையும் பயன்படுத்துவது நலம்.

எந்த எண்ணெய் நல்லது?

தேங்காய் எண்ணெய்: இதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். பிலிப்பைன்ஸ் நாட்டில் தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2004-இல் வெளியாயிற்று. இரண்டு வாரம் நாளைக்கு இரு முறை பூசியதில், தேங்காய் எண்ணெயும் தாது எண்ணெயும் ஒன்றுக்கொன்று குறையாமல் பலன் தந்தன. தென்னந்தோப்பு உள்ளவர்கள் வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டியதில்லை.

சூரியகாந்தி எண்ணெய்: சாதாரண இரகங்களில் லினோலெயிக் அமிலம் மிகுந்துள்ளது. தோலின் சாந்துக்கு இது தேவைப்படும் பொருள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தோலின் அரணைக் கெடுக்கவில்லை. ஆலிவ் எண்ணெய் அதைத் தளர்த்தியது. ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுந்திருப்பதே காரணமாகக் கருதப்படுகிறது. விலை கொடுத்து வாங்கும் அயல்நாட்டு எண்ணெய் உயர்ந்தது என்ற எண்ணத்துக்கு இது ஒரு பாடம்.

நல்லெண்ணெய்: இதில் ஒலியிக், லினோலெயிக் அமிலங்கள் ஏறக்குறையச் சம அளவில் உள்ளன. களிம்பு செய்வதற்கு ஏற்றது.

ஆமணக்கெண்ணெய்: இதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு ரிசினோலெயிக் அமிலம். கொழகொழப்பு மிகுதியாதலால் தோலில் ஒட்டி நிற்கும். குதிகாலுக்கு ஏற்றது; வீட்டுப் பெரியவர்கள் விளக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தது வீண்போகவில்லை. தனியாகப் பூச இயலாதபடி கெட்டியாக இருந்தால் தேங்காய் எண்ணெயுடன் கலந்துகொள்ளலாம்.

கடுகெண்ணெய் தோலில் எரிச்சல் தரக்கூடியது. வெடிப்புக்குத் தவிர்க்க வேண்டும். எந்த எண்ணெயானாலும் சிக்கு வாடை வந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது.

கற்றாழையின் இடம்

சோற்றுக் கற்றாழையின் சோறு 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீரே. பூசியதும் குளிர்ச்சி தரும். தோலுக்கு ஈரமும் தரும். ஆனால் மேலே மூடாக்கு இல்லாவிட்டால் அந்த ஈரம் சற்று நேரத்தில் ஆவியாகிவிடும். ஆகவே கற்றாழைச் சோற்றைப் பூசியபின் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும். மடலை அறுத்ததும் வடியும் மஞ்சள் நிறப் பால் தோலை அரிக்கும். மடலை நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, சோற்றை நன்கு கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். எடுத்த சோறு விரைவில் கெட்டுவிடும். அன்றைக்கு வேண்டியதை அன்றே எடுப்பது நல்லது.

உறையைப் படிக்கும் முறை

பூச்சு வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பாராமல் பின்பக்கத்து உட்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதற்கு உதவலாம். அதிக அளவில் உள்ள பொருளை முதலிலும், குறைவாக உள்ளதைப் பின்னாலும் எழுத வேண்டும் என்பது விதி. 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள பொருட்களைப் பட்டியலின் இறுதியில் எந்த வரிசையிலும் எழுதலாம்.

பெரும்பாலான லோஷன்களில் முதலில் வருவது தண்ணீர். ‘அக்குவா’ என்று எழுதியிருப்பதும் தண்ணீர்தான். அடுத்த ஐந்து பொருட்களுக்குள் கிளிசரின், யூரியா, பெட்ரோலாட்டம், லிக்விட் பாரஃபின், டைமெதிகோன் ஆகியவற்றில் இரண்டு மூன்று இருந்தால் அது பயனுள்ள பூச்சு எனலாம்.

பட்டியலின் பின்பகுதியில் ‘ஃபீனாக்சி எத்தனால்’ என்ற பெயர் பல பூச்சுகளில் காணப்படும். இது கெடாமல் காக்கும் பொருள். 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆகவே இப்பெயருக்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்துக்கு மேல் இராது. முன்பக்கத்தில் தேன், பாதாம், கற்றாழை என்று பெரிதாகப் படம் போட்டு, பின்பக்கத்தில் அப்பெயர்கள் ஃபீனாக்சி எத்தனாலுக்குப் பின்னால் இருந்தால், வாங்குபவர் பணம் கொடுப்பது பெரும்பாலும் படத்துக்கே.

விலையைக் கிராமுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். லோஷனில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதால், அதே எடையுள்ள பெட்ரோலியக் களிம்பு நெடுநாள் வரும். நீர் கலந்த பூச்சு உடம்பிலும் கையிலும் பரவலாகத் தேய்க்க எளிது. குதிகாலுக்குக் கெட்டியான களிம்பே ஏற்றது. நறுமணப் பொருள் சேர்ந்த பூச்சு வெடித்த தோலில் அரிப்பை உண்டாக்கலாம். மணமற்றதைத் தேர்ந்தெடுப்பது நன்று.

வீட்டில் களிம்பு செய்யும் முறை

தேனீ வளர்ப்போர் வீட்டில் அடை மெழுகு வீணாகாமல் இவ்வாறு களிம்பு செய்துகொள்ளலாம். வடிகட்டிச் சுத்தம் செய்த தேன்மெழுகு 25 கிராம், நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 100 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, அதனுள் சிறு பாத்திரத்தை வைத்து இரண்டையும் உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். உருகியதும் இறக்கி, ஈரமற்ற வாயகன்ற டப்பாவில் ஊற்றி ஆறவிட வேண்டும். நீர் சேராத களிம்பாதலால் கிருமி எளிதில் வளராது. ஈரக்கை விட்டு எடுத்தால் இந்த நன்மை போய்விடும்.

பூசும் முறை

மாலையில் வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான துணியாலோ படிகல்லாலோ மெதுவாகத் தேய்க்கலாம். பிளேடால் சீவக் கூடாது. துணியால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே களிம்பைப் பூச வேண்டும். முழுவதும் காய்ந்த பின் பூசினால் பாதிப் பலன் போயிற்று. மேலே சுத்தமான பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால் களிம்பு பாயில் ஒட்டாது. தரையில் வழுக்கவும் வழுக்காது. விரல் இடுக்குகளில் பூசக் கூடாது. அங்கு ஈரம் தேங்கினால் சேற்றுப்புண் வரும். சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சாணக் கோளாறு. அதற்கு எண்ணெய் மருந்தாகாது.

நாள்தோறும் விடாமல் செய்து வந்தால் சில வாரங்களில் வெடிப்பு மூடும். வேலைக்குச் செல்லும்போது காலணி அணிவதும், உரமும் மருந்தும் கையாளும்போது கையுறை அணிவதும் வெடிப்பு திரும்ப வராமல் தடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவு உள்ளவர்கள் காலை நீரில் நெடுநேரம் ஊற வைக்கலாகாது. வெந்நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ப்பைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலக் களிம்பையும், அதிக யூரியாக் களிம்பையும் மருத்துவரைக் கேளாமல் பூசக் கூடாது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

களிம்பு பூசிய கை மருந்து தெளிப்புக்குப் பாதுகாப்பு ஆகாது. கையுறைக்கு மாற்றாக அதை எண்ணிவிடக் கூடாது. எண்ணெயும் களிம்பும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்படியில் கவனம் தேவை.

வெடிப்பில் இரத்தம், சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தாலும், மூன்று நான்கு வாரங்களில் குணம் தெரியாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், காலில் வெடிப்பு இருந்ததை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். பார்த்தீனியம் களைந்தவருக்குக் கையிலும் கழுத்திலும் தோல் தடித்து அரித்தால் அது வறட்சி அன்று, ஒவ்வாமை. அதற்கும் மருத்துவர் உதவியே வேண்டும்.

நீர் பாய்ச்சி, ஈரம் பிடிக்க உரமிட்டு, மூடாக்குப் போட்டு நிலத்தின் ஈரத்தைக் காக்கத் தெரிந்தவர்கள் நம் உழவர்கள். அதே மூன்று வேலைகளை அதே வரிசையில் காலுக்கும் செய்தால் போதும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஒதுக்கி, நிலத்தில் நடக்கும் காலையும் நலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.